கீழ்வீட்டிலிருந்து வந்த பருப்பு

ஜெர்மனியில் சமையல் என்று ஒன்று உண்டா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கிண்டலாக எழுதியிருந்தார். உருளைக்கிழங்கு, சாசேஜ், ரொட்டி, பிறகு மறுபடியும் உருளைக்கிழங்கு என்பது அவர் கொடுத்த பட்டியல். ஸ்டுட்கார்ட்டுக்கு வேலைக்கு வந்த முதல் நான்கு ஆண்டுகள் நானும் அதே கட்சியில்தான் இருந்தேன். மிளகாய் இல்லை, புளி இல்லை, தாளிப்பு இல்லை, ஆகவே சமையலும் இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டு, பகலில் அலுவலகக் கேண்டீனிலும் இரவில் தெருமுனை டோனர் (துருக்கிய இறைச்சி ரொட்டி) கடையிலும் வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தேன். அந்தத் தீர்ப்பை 2020-இல் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. திருத்தியது எந்த உணவகமும் இல்லை. கொரோனா தொற்றால் அந்த ஆண்டில் மாதக்கணக்கில் உணவகங்களே திறந்திருக்கவில்லை.

மார்ச் 18 அன்று மாலை அப்போதைய ஜெர்மன் அரசுத் தலைவி (சான்சலர்) அங்கேலா மெர்கல் தொலைக்காட்சியில் தோன்றி, இது விளையாட்டல்ல, நீங்களும் விளையாட்டாக எண்ணாதீர்கள் என்ற பொருளில் பேசினார். வழக்கமாகப் புத்தாண்டுக்கு மட்டும் அப்படித் திரையில் வந்து பேசுகிறவர் மார்ச் மாதத்தில் வந்ததே பாதி செய்தியைச் சொல்லிவிட்டது. நான்கு நாள் கழித்து, ஒரே வீட்டில் வசிக்காதவர்கள் இருவருக்கு மேல் பொது இடத்தில் சேர்ந்து நிற்கக் கூடாது என்ற விதி வந்தது. இந்தியாவில் நடந்ததைப் போன்ற முழு ஊரடங்கு இங்கே இல்லை. தனியாக நடக்கப் போகலாம், கடைக்குப் போகலாம். ஆனால் பேரங்காடியில் மாவு இருக்க வேண்டிய தட்டு காலி, நூடுல்ஸ் தட்டு காலி, கழிப்பறைக் காகிதம் இருந்த இடத்தில் வெறும் அட்டைகள். இப்படி வாங்கிக் குவிப்பதற்கு ஜெர்மானியர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஹாம்ஸ்டர்காவ்ஃப்’. கன்னத்தில் தானியத்தை அடைத்துக்கொள்ளும் அந்தச் சின்ன விலங்கின் பெயரால் ஆன சொல்.

எங்கள் குடியிருப்பின் கீழ்வீட்டில் எண்பதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் தனியாக வசித்தார். அதுவரை எங்களுக்குள் இருந்த உறவு ‘கேர்வோஹே’ என்ற ஸ்வாபியப் பழக்கத்தின் வழியாக மட்டுமே. ஸ்வாபியா என்பது ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள வட்டாரம். ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டார் மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வேண்டும். யாருடைய முறையோ அவர் கதவில் ஒரு பலகை தொங்கும். என் முறை வரும்போதெல்லாம் படியின் இடது மூலையை நான் விட்டுவிடுவதாக அவர் இரண்டு முறை எடுத்துச் சொல்லியிருக்கிறார், மரியாதை குறையாமல்தான். அந்த மார்ச் மாதக் கடைசியில், கடைச் சாமான் வேண்டுமென்றால் நான் வாங்கி வருகிறேன் என்று எழுதி அவர் கதவிடுக்கில் ஒரு சீட்டைச் செருகினேன். மறுநாள் என் வாசல் மிதியடியில் பழைய பாணி எழுத்தில் ஒரு பட்டியல் கிடந்தது: பருப்பு, மாவு, பத்து முட்டை, வினிகர், ஈஸ்ட் ஒரு கட்டி.

ஈஸ்ட் கிடைக்கவில்லை. 42 கிராம் எடையில், வெள்ளித்தாளில் சுற்றி, யாரும் திரும்பிப் பார்க்காத விலையில் கிடக்கும் அந்தச் சின்னக் கட்டிக்காக நான் மூன்று கடை ஏறி இறங்கினேன். மாவு ஆளுக்கு ஒரு பாக்கெட் என்று எழுதி வைத்திருந்தார்கள், அது கிடைத்தது. அடுத்த சனிக்கிழமை நண்பகலில், துண்டு சுற்றிய ஒரு பாத்திரம் படியில் இருந்தது. அதன் மேல் ஒரு சீட்டு: வினிகரைச் சாப்பிடும்போது சேர்த்துக்கொள்ளவும்.

மூடியைத் திறந்தபோது வந்த ஆவியில் பிரிஞ்சி இலையும் வெந்த பருப்பும் மணத்தன. முழுப் பருப்பை வெங்காயம், கேரட், செலரிக் கிழங்கு, லீக்ஸ் ஆகியவற்றோடு குழைய விடாமல் வேகவைத்து, கொழுப்பில் சிவக்க வறுத்த மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கியிருந்தார்கள். பக்கத்தில் மஞ்சள் நிறத்தில், வடிவம் ஒழுங்கில்லாத ஷ்பெட்ஸ்லே என்ற முட்டை நூடுல்ஸ். அதன் மேல் இரண்டு மெல்லிய சைட்டன் சாசேஜ். வினிகர் ஊற்றாமல் ஒரு வாய் வைத்தேன், சப்பென்றிருந்தது. இரண்டு தேக்கரண்டி ஊற்றிக் கிளறி மறு வாய் வைத்தபோது கையில் கரண்டி அப்படியே நின்றது. அது குழம்பு. புளிக்குப் பதிலாக வினிகர், தாளிப்புக்குப் பதிலாக வறுத்த மாவு, சோற்றுக்குப் பதிலாக ஷ்பெட்ஸ்லே என்பதைத் தவிர, பருப்பையும் புளிப்பையும் சேர்த்தால் மனிதனுக்கு என்ன நடக்குமோ அது அங்கேயும் நடந்திருந்தது. நான்கு ஆண்டுகளாகப் புளி இல்லாத ஊர் என்று நான் ஏசிக்கொண்டிருந்த ஊரில் புளிப்பு பாட்டிலில் இருந்தது. அதை எவ்வளவு ஊற்றுவது என்பது சாப்பிடுகிறவர் கையில் இருந்தது.

அந்தப் பருப்புக்கு ஒரு கதை உண்டு, அதைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே இருக்கும் ஷ்வேபிஷ ஆல்ப் மேட்டுநிலத்தில் மண் மெலிந்தது, கல் நிறைந்தது. கோதுமை சரியாக வராத அந்த நிலத்தில் ஏழைகள் பருப்பு விதைத்தார்கள். பருப்புச் செடி தானாக நிமிர்ந்து நிற்காது என்பதால், ஓட்ஸையோ பார்லியையோ கூடவே விதைத்து அதன் மேல் சாய விடுவார்கள். வேலை மிகுதி, விளைச்சல் குறைவு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அங்கே பருப்புச் சாகுபடி நின்றே போயிற்று. பழைய ஆல்ப் ரகங்களின் விதை ஜெர்மனியில் எங்கும் இல்லை. 2006-இல் அவை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள வாவிலோவ் விதை வங்கியில் கண்டெடுக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை லெனின்கிராடை முற்றுகையிட்டபோது, பட்டினியில் சாகும் நிலையிலும் விதை மூட்டைகளைத் தொடாமல் காத்த அறிவியலாளர்களின் நிறுவனம் அது. ஜெர்மன் மண்ணின் பருப்பு அங்கிருந்து ஊர் திரும்பி, இன்று ‘ஆல்ப்-லைசா’ என்ற பெயரில் விற்பனையாகிறது. ‘லைசா’ என்றால் வட்டார வழக்கில் பருப்பு. பாரம்பரிய உணவு என்ற சொல்லை யாராவது மார்தட்டிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த விதை வங்கிதான் நினைவுக்கு வருகிறது.

ஏப்ரலில் ஷ்பெட்ஸ்லே செய்யக் கற்றுக்கொண்டேன். கற்பித்தல் முழுவதும் தொலைபேசியில். கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தேன். கீழ்வீட்டிலிருந்து அவர் பேசினார். நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை, உப்பு, கொஞ்சம் தண்ணீர். மரக்கரண்டியால் அடிக்க வேண்டும். “குமிழி வருகிறதா?” என்றார். வரவில்லை என்றேன். “அப்படியென்றால் அடியுங்கள்.” இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் அதே கேள்வி, அதே பதில், அதே கட்டளை. என் தோள்பட்டை வலித்தபோதுதான் மாவு கரண்டியிலிருந்து நாடாவாக இறங்கி, அதன் மேல் சின்னச் சின்னக் குமிழிகள் உடைந்தன. பிறகு நனைத்த பலகையில் மாவைப் பரப்பி, கத்தியால் கொதிநீரில் சீவித் தள்ள வேண்டும். நான் சீவியது பாதி கட்டை விரல் பருமனாகவும் பாதி நூலாகவும் விழுந்தது. பொறுமையிழந்து, அம்மா கொடுத்தனுப்பியிருந்த இடியாப்ப உரலில் மிச்ச மாவைப் போட்டுப் பிழிந்தேன்; அழகாக இறங்கியது. பெருமையோடு அதைச் சொன்னபோது, அது போன்ற உரல் இங்கேயும் உண்டு, அவசரக்காரர்கள் வைத்திருப்பார்கள் என்று பதில் வந்தது.

நான் சொல்ல வந்தது சுவையைப் பற்றி மட்டும் இல்லை. அந்த மாதங்களில் எனக்கு மிகவும் கெட்டுப்போயிருந்தது கிழமை. அலுவலகமும் சாப்பாட்டு மேசையும் தூக்கமும் ஒரே அறையில் நடந்ததால், செவ்வாய்க்கும் ஞாயிறுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஜெர்மன் வீட்டுச் சமையலுக்குள் ஒரு பஞ்சாங்கம் ஒளிந்திருக்கிறது என்பதை அப்போதுதான் கண்டேன். வெள்ளிக்கிழமை மீன். சனிக்கிழமை, வீட்டு வேலை மிகுந்த நாள் என்பதால், எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு வேகவைக்கும் ‘ஐன்டாப்ஃப்’. ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வறுவலும் அதன் சாறும். புனித வெள்ளியை ஒட்டி மவுல்டாஷன். மாவு உறைக்குள் கறியையும் கீரையையும் வைத்து மூடிவிட்டால் தவக்காலத்தில் கறி தின்பது ஆண்டவன் கண்ணுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில், அதை ஆண்டவனை ஏமாற்றும் பண்டம் என்றே கேலியாக அழைக்கிறார்கள். அந்த ஈஸ்டருக்கு மக்கள் கூடும் ஆராதனை எந்தத் தேவாலயத்திலும் இல்லை. மவுல்டாஷன் மட்டும் தன் நாளுக்குத் தவறாமல் வந்தது. எங்கள் ஊர் அமாவாசை விரதமும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் எனக்குச் செய்து கொடுத்த அதே வேலையை, கீழ்வீட்டிலிருந்து வந்த பாத்திரங்கள் செய்தன. படியில் வறுத்த வெங்காய வாசனை ஏறினால் சனிக்கிழமை. அது ‘கைஸ்பர்கர் மார்ஷ்’. எங்கள் நகரின் கைஸ்பர்க் பகுதியின் பெயர் கொண்ட மாட்டிறைச்சிச் சாற்றுக் குழம்பு. உருளைக்கிழங்கும் ஷ்பெட்ஸ்லேயும் ஒரே கிண்ணத்தில் கிடக்கும். சோற்றுக்குச் சப்பாத்தியைத் தொட்டுக்கொள்வது போன்ற துணிச்சல். படைவீரர்கள் அதற்காகவே கைஸ்பர்க்குக்கு அணிவகுத்து நடந்தார்கள் என்று கதை சொல்கிறார்கள். ஒரு முறை சாப்பிட்ட பிறகு அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஊரடங்கு நம்மை வேருக்குத் திருப்பியது என்று யாரும் பரவசப்பட வேண்டாம். எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது, பூட்டிக்கொள்ளக் கதவு இருந்தது. அந்த வசந்தத்தில் ஜெர்மானியர்கள் உயிரை விடும் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு, அதாவது ஷ்பார்கல், வழக்கம்போல் மேசைக்கு வந்தது என்றால், எல்லைகள் மூடியிருந்த ஏப்ரலில் ருமேனியாவிலிருந்து தொழிலாளர்களைத் தனி விமானங்களில் ஏற்றி வந்து அறுவடை செய்ததால்தான் வந்தது. அரசு அனுமதித்த எண்ணிக்கை ஏப்ரலுக்கு 40,000, மே மாதத்துக்கு 40,000. ஜூன் மாதம் குட்டர்ஸ்லோ மாவட்டத்தின் மாபெரும் இறைச்சிக் கூடம் ஒன்றில் 1,500-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று உறுதியானது. பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஒப்பந்தக்காரர்கள் மூலம் வந்து, நெருக்கடியான விடுதிகளில் தங்கியவர்கள். இறைச்சி வெட்டும் வேலையை ஒப்பந்தக்காரர்களிடம் விடக் கூடாது என்ற சட்டம் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததற்கு அந்தக் கூடம் முக்கியக் காரணம். என் பருப்பின் மேல் இருந்த இரண்டு சாசேஜ் எந்தக் கூடத்திலிருந்து வந்தன என்று நான் கேட்டதில்லை.

ஐன்டாப்ஃப் என்ற சொல்லே அவ்வளவு வெகுளியானதில்லை. 1933 முதல் நாஜி அரசு, குளிர்காலத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா வீடுகளும் வறுவலை விட்டுவிட்டு ஒற்றைப் பாத்திர உணவு சமைத்து, மிஞ்சிய பணத்தை நன்கொடையாகக் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தது. வசூலிக்க ஆள்கள் வீடு வீடாக வருவார்கள். அம்மையாரின் தாயார் ஐன்டாப்ஃப் என்று வாயால் சொல்லவே மாட்டாராம், சூப் என்றுதான் சொல்வாராம். இதை அவர் உருளைக்கிழங்கு தோலுரிக்கும் விவரத்துக்கு நடுவில், குரல் மாறாமல் சொன்னார்.

ஈஸ்ட் இல்லாத குறைக்கு நான் செய்த பதிலுதவி ஒன்றைச் சொல்ல வேண்டும். இட்லி மாவு பொங்குவதற்கு நாங்கள் எதையும் வாங்குவதில்லை, அரிசியும் உளுந்தும் தாமாகவே புளிக்கும் என்றபோது அவர் நம்பவில்லை. இந்தக் குளிரில் மாவு புளிக்காது என்பதால் இரவு முழுவதும் அடுப்புப் பெட்டிக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைப்பது என் வழக்கம். காலையில் பாத்திரத்தை விளிம்பு வரை பொங்கிய கோலத்தில் படியில் வைத்துவிட்டு, இரண்டு படி மேலே நின்றேன். அவர் குனிந்து முகர்ந்து, இது எங்கள் புளித்த மாவு என்றார். அடுத்த வாரம் கம்பு மாவையும் தண்ணீரையும் கலந்து அதே முறையில் விளக்கடியில் வைத்து, ஈஸ்ட் இல்லாமலே ரொட்டி சுட்டார். ஜெர்மானியர் சொல்லும் கம்பு நம்மூர்க் கம்பு இல்லை, ‘ரை’ என்ற குளிர்நாட்டுத் தானியம். வேறு நல்ல சொல் இல்லாததால் அதையும் கம்பு என்றே எழுதி வருகிறேன், வேளாண் நண்பர்கள் மன்னிக்கவும்.

நவம்பர் 2 முதல் உணவகங்கள் மறுபடியும் மூடின. அந்தக் குளிர்காலத்தில் நான் கற்றது ‘சவர்பிராட்டன்’. மாட்டிறைச்சியை வினிகர், வெங்காயம், கிராம்பு, ஜூனிபர் காய் ஆகியவற்றில் நாள்கணக்கில் ஊறவைத்துப் பிறகு மெல்ல வேகவைப்பது. ஞாயிறு சாப்பாட்டுக்குப் புதன்கிழமையே வேலை தொடங்கிவிடும். தினமும் ஒரு முறை குளிர்பெட்டியைத் திறந்து இறைச்சியைப் புரட்டிப் போட வேண்டும். எதற்கும் காத்திருக்கக் காரணம் இல்லாத ஒரு மாதத்தில், ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க ஒரு துண்டு இறைச்சி இருந்தது. அப்போதுதான் அம்மையார் எனக்கு ‘டூ’ கொடுத்தார். ஜெர்மனில் ‘ஸீ’ என்றால் நீங்கள், ‘டூ’ என்றால் நீ; வயதில் மூத்தவர் முன்வந்து கொடுத்தால்தான் இளையவர் எடுத்துக்கொள்ளலாம். என் பாட்டி வயதுள்ளவரை நீ என்று அழைக்க எனக்கு நாக்கு எழவில்லை. பல வாரம் முன்னிலையே வராமல் சுற்றி வளைத்துப் பேசிச் சமாளித்தேன்.

டிசம்பர் 24 அன்று இந்நாட்டின் பல வீடுகளில் விருந்து எதுவும் இல்லை; உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும்தான். வடக்கே அதில் மயோனைஸ் சேர்ப்பார்கள். ஸ்வாபியர்களிடம் அதைச் சொன்னால் சண்டை வரும். இங்கே தோலோடு வேகவைத்த கிழங்கைச் சூடாகவே உரித்து, மெல்லிய வில்லைகளாக வெட்டி, கொதிக்கும் இறைச்சிச் சாறு, வினிகர், கடுகு விழுது, வெங்காயம் சேர்த்து, எண்ணெயைக் கடைசியில் விடுவார்கள். ஹாம்பர்க்கிலிருந்து அம்மையாரின் மகள் அந்த ஆண்டு வரவில்லை. கை நடுக்கம் கூடிவிட்டது, இந்த முறை நீயே செய்துவிடு என்றார்.

கிளறி முடித்ததும் கூப்பிட்டேன். கைபேசியைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கிளறச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். சரியான சாலட் கிளறும்போது சப்புக்கொட்டும், அந்தச் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும் என்றார். கிளறினேன், மறுமுனையில் அமைதி. “இன்னும் ஒரு கரண்டி சாறு ஊற்று.” ஊற்றிக் கிளறினேன். ஈரமான, நாகரிகம் இல்லாத, சேற்றில் நடப்பது போன்ற ஒரு சத்தம் வந்தது. “இப்போது சரி” என்றார்.

ஒரு கிண்ணத்தைப் படியில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு மேலே வந்தேன். கால் மணி நேரத்தில் கைபேசி அடித்தது. வினிகர் குறைவாம். பாட்டில் மேசையில்தான் இருக்கிறது, நான் ஊற்றிக்கொள்கிறேன் என்று அவரே சொன்னார்.