தேசிய அளவில் முன்னிலையாம்!

அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தால் போதும், லண்டன் முதல் டெல்லி வரை டிவி விவாதங்களில் அதே கூத்து: "தேசிய அளவில் இவர் 2 சதவீதம் முன்னிலை." அட, தேசிய அளவில் தேர்தலே நடப்பதில்லையே! மாநிலவாரியாகப் பங்கிட்ட 538 தேர்வாளர்கள்தான் (மக்கள் ஓட்டுப்படி அதிபரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள்) முடிவு செய்கிறார்கள்; ஜெயிக்க அவர்களின் வாக்குகளில் 270 வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலத்திலும் முதலில் வந்தவருக்கே மொத்தமும். 2016இல் ஹிலாரி சுமார் 29 லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கியும் தோற்றார். 2020இல் பைடனுக்கு 70 லட்சம் அதிகம். ஆனால் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் சுமார் 43,000தான். அந்த மூன்றும் கைமாறியிருந்தால் தேர்வாளர் வாக்கு 269-269 எனச் சமமாகியிருக்கும்! பென்சில்வேனியா மாநிலத்தில் தபால் ஓட்டு உறையைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் பிரிக்கவே சட்டம் விடாது; அதனால் அந்த ஓட்டுகளை எண்ணி முடிக்கத் தாமதமாகும். இந்த நிபுணர்களோ முதல் சுற்று எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு "அலை வீசுது" என்கிறார்கள்.