எந்த ரகம், எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள்?

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குடல் பாக்டீரியா பற்றிய அந்தக் காணொலியை எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. நீங்களும் பார்த்திருப்பீர்கள் என்பதால் லிங்க் போடவில்லை. அதில் முக்கால்வாசியைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. "பிள்ளைக்குப் பேதியா? ஓ.ஆர்.எஸ். எல்லாம் பழைய கதை, குடலில் நல்ல பாக்டீரியாவை நிரப்புங்கள்" என்று வருகிறதே, அந்த நாலாவது நிமிடம்தான் என் பிரச்சினை. ஓ.ஆர்.எஸ். என்பது பேதிக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி. அது தப்பு என்று கீழே ரெண்டு வரி எழுதினேன். "புரோபயாடிக் எதிரி" (புரோபயாடிக் என்றால் நல்லது செய்யும் என்று உள்ளே கொடுக்கும் உயிருள்ள நுண்ணுயிர்) என்று ஒருவர், "படித்த திமிர்" என்று இன்னொருவர், "பிள்ளை பெற்றிருந்தால் தெரியும்" என்று மூன்றாமவர். வருத்தமாகத்தான் இருந்தது. ரெண்டு வரி போதவில்லை என்று எடுத்துக்கொண்டு விரிவாக எழுதுகிறேன்.

பேதியில் பிள்ளை செத்துப்போவது உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறுவதால். வேறு எதைப் பேசுவதற்கு முன்னாலும் இதைப் பேச வேண்டும்.

சிறுகுடல் சுவரில் குளுக்கோஸையும் சோடியத்தையும் ஒன்றாக உள்ளே இழுக்கும் வாசல் ஒன்று இருக்கிறது. காலரா பிடித்த குடலில்கூட அந்த வாசல் மூடுவதில்லை. ரெண்டும் உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் மொத்த வித்தையும் இதுதான். 1971-இல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த மேற்கு வங்கத்தின் போங்கான் முகாமில், ஊசி வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலானபிஸ் இதை டிரம்மில் கரைத்துச் சொந்தக்காரர்கள் கையாலேயே நோயாளிகளுக்குக் கொடுக்க வைத்தார். 30 சதவீத அளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இதைத்தான் "பழைய கதை" என்று சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார்கள்.

பாக்கெட்டிலும் கணக்கு இருக்கிறது. 2002-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் திருத்திய அளவுப்படி ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதா உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9. ஆக 20.5 கிராம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்ட வேண்டும். "கொஞ்சமாகத்தானே குடிக்கிறான்" என்று பெரிய பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளரில் கரைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் கெடுகிறது. கெட்டியான கரைசல் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும், ரத்தத்தில் உப்பு ஏறும். ஜூஸில், பாலில் கரைப்பது, மேலே சர்க்கரை போடுவது, மறுநாள் சுடவைத்துக் கொடுப்பது எல்லாமே தப்பு. 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை போன பிறகும் ரெண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேலே 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி தொடங்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கூடவே ஜிங்க் மாத்திரை: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, பதினாலு நாள். மூன்றாம் நாளே பேதி நின்றது என்று மாத்திரையைத் தூக்கிப் போட்டால், அடுத்த சில மாதங்களுக்கு அது தந்திருக்கும் பாதுகாப்பும் போய்விடும். பிள்ளை குடிக்கவே மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, கண் உள்ளே போனாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

இப்போது பாக்டீரியாவுக்கு வருவோம். அதைப் படிப்பதே என் வேலை, வெறுப்பதற்கு எனக்குக் காரணம் இல்லை.

"நெல் போடு" என்றால் விவசாயி என்ன கேட்பார்? ஐ.ஆர். 20-ஆ, கிச்சிலிச் சம்பாவா, எந்தப் பட்டம், ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று கேட்பார். புரோபயாடிக்கும் அப்படித்தான். 2001-இல் உலக அளவில் வகுத்த வரையறையிலேயே "உயிருள்ள நுண்ணுயிர், போதுமான அளவு, உடல்நலப் பலன்" என்று மூன்றும் இருக்கின்றன. பலன் ஒரு ரகத்தைச் சேர்ந்தது, குடும்பப் பெயரைச் சேர்ந்தது அல்ல. லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் என்பது வரைக்கும் நெல் என்று சொன்ன மாதிரி. அதற்குப் பின்னால் வரும் ஜிஜி என்ற ரெண்டு எழுத்துதான் ரகம். எந்த ரகம், எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள் என்ற நாலு கேள்விக்கும் அந்தக் காணொலியில் பதில் இல்லை.

அந்த ஜிஜி ரகத்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பேதியோடு எமர்ஜென்சிக்கு வந்த 971 பிள்ளைகளில் ஒரு பாதிக்கு வேளைக்கு ஆயிரம் கோடி பாக்டீரியா வீதம் தினம் ரெண்டு வேளை, ஐந்து நாள் கொடுத்தார்கள். மறுபாதிக்கு மருந்தில்லாத தூள். 2018-இல் முடிவு வந்தது. நோய் கடுமையானது கொடுத்தவர்களில் 11.8 சதவீதம், கொடுக்காதவர்களில் 12.6. வித்தியாசமே இல்லை என்று பொருள். அதே வாரம் கனடாவிலிருந்து 886 பிள்ளைகளிடம் வேறு ரகக் கலவையை வைத்துச் செய்த ஆய்வும் வந்தது. அதிலும் இதே கதைதான்.

"அது வெள்ளைக்காரப் பிள்ளைகள், நம் ஊர்க் குடல் வேறு" என்று ஒரு தம்பி கமெண்டில் கேட்டிருந்தார். வந்ததிலேயே உருப்படியான கேள்வி அதுதான், நியாயமும் கூட. கொல்கத்தா குடிசைப் பகுதியில் 3,758 பிள்ளைகளுக்கு 12 வாரம் தினமும் லாக்டோபேசில்லஸ் கேசி ஷிரோட்டா கலந்த பானம் கொடுத்துப் பார்த்தபோது பேதி வருவது 14 சதவீதம் குறைந்தது. கவனியுங்கள், அது வருமுன் தடுப்பது, வந்த பிறகு நிறுத்துவது அல்ல. ஒடிசா கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளிடம் நடந்ததோ இன்னும் பெரியது. லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரத்தின் ஒரு குறிப்பிட்ட ரகம், அது தின்ன ஒரு சர்க்கரைப் பொருள், பிறந்த முதல் சில நாட்களில் தொடங்கி ஏழே நாள். ரத்தத்தில் நச்சுக் கிருமி பரவுவதும் சாவும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆக இறங்கியது. 2017-இல் வெளியான ஆய்வு. எனக்கு இன்றும் அதை நினைத்தால் சிலிர்க்கும். ஆனால் தம்பி, அந்த முடிவை அந்த ரகத்தின் பெயரில்தான் சொல்ல முடியும். பிரிட்டனில் 1,315 குறைமாதக் குழந்தைகளுக்கு வேறொரு பாக்டீரியா ரகத்தைக் கொடுத்தபோது ஒரு பலனும் தெரியவில்லை.

ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வரும் பேதியைப் புரோபயாடிக் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தினம் 500 கோடிக்கு மேல் கொடுத்த பிள்ளைகளில் 100-க்கு 8 பேருக்குப் பேதி, கொடுக்காதவர்களில் 23 பேருக்கு. ஆன்டிபயாடிக்கின் முதல் வேளையோடு தொடங்குவது நல்லது. பாக்டீரியா வகையென்றால் ரெண்டு மணி நேர இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் ஆன்டிபயாடிக் அதையும் கொன்றுவிடும். சாக்கரோமைசஸ் பவுலார்டி ஈஸ்ட் என்பதால் அதற்கு அந்தக் கவலை இல்லை, பூஞ்சைக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்குத்தான் அது வீண். புரோபயாடிக் சாஷேயைச் சூடான பாலில் கொட்டாதீர்கள். அட்டையில் ரகத்தின் எழுத்தோ எண்ணோ இருக்கிறதா, எண்ணிக்கை தயாரித்த நாளுக்கா காலாவதி நாளுக்கா, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதா என்று பாருங்கள். இவ்வளவையும் சொல்கிறவன் எப்படி எதிரி ஆவேன்?

"கொடுத்தால் என்ன கெட்டுவிடும்?" என்ற கேள்விதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. கெடும். நெதர்லாந்தில் கணையம் கடுமையாக வீங்கிய நோயாளிகளுக்கு ஆறு ரகக் கலவையைக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள், நல்லது செய்யும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், கொடுக்காதவர்களில் 6 சதவீதம். குடலுக்கு ரத்தம் போகாமல் ஒன்பது பேருக்குக் குடல் அழுகியது, மறுபக்கம் ஒருவருக்கும் இல்லை. 2008-இல் வெளியான ஆய்வு. 2023-இல் குறைமாதக் குழந்தை ஒன்று, கொடுத்த பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து இறந்த பிறகு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. ஐ.சி.யு.வில் கழுத்து ரத்த நாளத்தில் குழாய் போட்டவர் பக்கத்தில் ஈஸ்ட் சாஷேயைப் பிரித்தாலே, கையில் ஒட்டிய தூள் குழாய் வழியாக ரத்தத்துக்குப் போய்விடக்கூடும். நல்ல உடம்புள்ள பிள்ளைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பிள்ளைக்கு ஆபத்து வேறு மாதிரி வருகிறது. கையில் இருக்கும் காசுக்கு மெடிக்கலில் சாஷே வாங்கிக்கொண்டு, ஓ.ஆர்.எஸ்.ஸும் ஜிங்க்கும் வாங்காமல் வீட்டுக்குப் போவது. ரெண்டுமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைப்பவை. சர்க்கரைப் பானங்களுக்கு ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போடுவதை நிறுத்தவே எத்தனை வருடம் ஆனது என்று நினைத்துப் பாருங்கள். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது.

பழைய சோறே புரோபயாடிக் என்கிற கோஷ்டிக்கு ஒரு வார்த்தை. நீராகாரம், உப்புப் போட்ட கஞ்சி, மோர், இளநீர் எல்லாம் பேதியின்போது தாராளமாகக் கொடுங்கள், ஆனால் ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. பழைய சோறு அருமையான உணவு. அதில் இத்தனை கோடி பாக்டீரியா என்பதால் மட்டும் அது புரோபயாடிக் ஆகிவிடாது. வடித்த சோற்றை நாள் முழுக்க வெதுவெதுப்பாக விட்டுவைத்துவிட்டு ராத்திரி தண்ணீர் ஊற்றினால், வேகவைத்தும் சாகாத பேசில்லஸ் சீரியஸ் வித்துகள் முளைத்து நஞ்சு கக்கும். மறுபடி சுடவைத்தாலும் வாந்தியை வரவைக்கும் அந்த நஞ்சு போகாது. சீக்கிரம் ஆறவைத்து, சுத்தமான தண்ணீர் ஊற்ற வேண்டும். மோர்க்குழம்பில் "நல்ல பாக்டீரியா" இருப்பதாகச் சொன்னவருக்கு: கொதித்த பிறகு அது செத்த பாக்டீரியா.

எனக்கு உண்மையில் வலித்தது வேறு. ஓ.ஆர்.எஸ். உயிரைக் காப்பாற்றும், பேதியை உடனே நிறுத்தாது. அம்மாக்கள் நம்பிக்கை இழப்பது அதனால்தான், சாஷே உள்ளே நுழைவதும் அந்த இடைவெளியில்தான். அந்த இடைவெளியைப் பற்றி யோசித்தவர்கள் நம் வேலூரில் இருந்தார்கள். சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவின் குழு, 48 காலரா நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஓ.ஆர்.எஸ்.ஸில் லிட்டருக்கு 50 கிராம் சிறுகுடலில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைக் கலந்து கொடுத்தது. அந்த மாவு பெருங்குடல் வரை போய்ச் சேரும். அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றும். அந்த அமிலங்கள் பெருங்குடல் சுவரில் ஏறும்போது சோடியத்தையும் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும். பேதி நீடித்தது சராசரியாக 91 மணி நேரத்திலிருந்து 57 மணி நேரமாகக் குறைந்தது. 2000-இல் வெளியானது. டாக்காவில் வேகவைத்த வாழைக்காயைக் கொடுத்து, நாட்பட்ட பேதியுள்ள கைக்குழந்தைகளிடம் இதே வழியில் பலன் கண்டார்கள். அதே ஊரில் 2021-இல் கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, நிலக்கடலை, வாழைக்காய் கலந்த உணவை, குடல் பாக்டீரியாவைக் குறிவைத்தே வடிவமைத்து, மெலிந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது, அதைவிடக் கலோரி கூடிய வழக்கமான உணவைவிட நன்றாக எடை ஏறினார்கள்.

குடல் நுண்ணுயிர் ஆய்வு என்று நாங்கள் சொல்வது இதை. பட்டினி கிடக்கும் பாக்டீரியாவுக்கு எதைத் தின்னக் கொடுப்பது என்று இருபது வருடமாக மலத்தை எடைபோட்டு, மணிக்கணக்கில் அளந்து உட்கார்ந்திருந்தவர்களின் வேலை இது. இந்தப் பெயர்களில் ஒன்றுகூட அந்த அரைமணி நேரக் காணொலியில் வரவில்லை. "உடம்பு செல்லைவிடப் பத்து மடங்கு பாக்டீரியா" மட்டும் மூன்று முறை வந்தது. 2016-லேயே திருத்தப்பட்ட எண் அது. செல்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி. ஏறக்குறைய சமம்.

அந்தச் சேனலை நடத்துகிறவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும், நிறைய பேர் டேக் செய்திருக்கிறார்கள். முழுக் காணொலியையும் எடுக்கச் சொல்லவில்லை. நாலாவது நிமிடத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பாக்கெட் கரைப்பதை முப்பது விநாடி காட்டுங்கள். காட்டினால் முதல் ஷேர் என்னுடையது.