லாஜிக் பேசுற அண்ணன்களுக்கு

நேத்து ஒரு அக்காவோட பேனா போஸ்ட்டுக்குக் கீழ நடந்த கூத்தைப் பாக்காதவங்களுக்காக ரெண்டு வரி. பையன் ராசின்னு எல்லா பரீட்சையும் ஒரே பேனாவுலதான் எழுதுறான்னு அவங்க தமாஷா எழுதினாங்க. அதுக்குப் போயி "இவங்களுக்கு ஸ்கின்னரோட புறா தேவலாம்"னு ஒரு கமெண்ட், கீழ வரிசையா ஹாஹா.

சரி, புறாவையே பேசுவோம். 1948ல ஸ்கின்னர்ங்கற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் பண்ணது என்னன்னா, புறா என்ன செஞ்சாலும் செய்யாட்டியும் குறிப்பிட்ட இடைவெளியில தீனி தானா வர்ற மாதிரி வச்சாரு. ஒண்ணு கூண்டுக்குள்ள சுத்த ஆரம்பிச்சிடுச்சு, ஒண்ணு மூலையில தலைய நீட்டி நீட்டி எடுத்துச்சு, என்னமோ அதனாலதான் தீனி வருதுங்கற மாதிரி. எட்டுல ஆறு புறா இப்படி. (தீனி வந்த நேரத்துல தற்செயலா செஞ்சதையே புறா பிடிச்சுக்குதுன்னு அவர் சொன்ன விளக்கத்தை 1971லயே ஸ்டாடன், சிமல்ஹாக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கேள்வி கேட்டாச்சு, கமெண்ட் போட்ட அறிவாளி அதுவரைக்கும் படிக்கல போல.)

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். பேட்டர்ன் தேடுறது மூளையோட கோளாறு இல்ல, அதோட வேலையே அதுதான். அடுத்து என்ன வரும்னு கணிச்சுக்கிட்டே இருக்கும், நினைச்சது ஒண்ணு வந்தது ஒண்ணுன்னா திருத்திக்கும். ஷுல்ட்ஸ்ங்கற மூளை ஆராய்ச்சியாளர் குரங்குகளை வச்சுப் பாத்தாரே, முதல்ல ஜூஸ் வந்தா மூளையில டோபமின்ங்கற ரசாயனத்தைச் சுரக்குற செல் துள்ளும், பழகினப்புறம் ஜூஸுக்குத் துள்ளாது, ஜூஸ் வரப்போகுதுன்னு காட்டுற சிக்னலுக்கே துள்ளும், சிக்னல் வந்தும் ஜூஸ் வரலன்னா கரெக்டா அது வரவேண்டிய நேரத்துல அடங்கிப்போகும். இதே மெஷின்தான் உங்க தலைக்குள்ளயும் ஓடுது அண்ணே.

"இல்ல, நான் லாஜிக்கான ஆளு"ம்பீங்க. ரெண்டு லைட்டு, எந்த ஒழுங்கும் இல்லாம மாறி மாறி எரியுது, 80 சதவீதம் இடது, 20 சதவீதம் வலது, அடுத்து எது எரியும்னு நீங்க சொல்லணும். கண்ண மூடிக்கிட்டு ஒவ்வொரு தடவையும் இடதுன்னு சொன்னா 80 சரி. ஆனா மனுஷன் சும்மா இருப்பானா, ஏதோ ரகசிய வரிசை இருக்குன்னு நினைச்சு இவனும் 80க்கு 20ன்னு மாத்தி மாத்திச் சொல்லுவான், கிடைக்கிறது 68தான். இந்த மாதிரி சோதனைகள்ல எலி அதிகமா வர்ற பக்கத்தையே பிடிச்சுக்குது. புறா, எலின்னு திட்டினா அது திட்டா பாராட்டான்னு இப்ப யோசிங்க.

"அப்ப ஜோசியத்தையும் நம்பச் சொல்றியா?" எங்க சொன்னேன்? காசு வாங்கிட்டுக் கணிக்கிறவன் கதை வேற. "மருந்தை விட்டுட்டு இதைப் பிடிச்சுக்கிட்டா?" அது நியாயமான கேள்வி, ஒத்துக்கறேன், ஆனா பேனாவுக்கும் மருந்துக்கும் என்னங்க சம்பந்தம்? அந்தப் பையன் படிச்சுட்டுத்தானே போறான்.

எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னு கேக்குறீங்கல்ல. அப்பா ஐசியூல இருந்தப்போ அம்மா வெளிய ஓரத்துல இருந்த ஒரு நாற்காலியிலதான் உக்காருவாங்க, அதுல உக்காந்திருந்த அன்னிக்குத்தான் அப்பா கண்ணு முழிச்சாரு. வேற யாராச்சும் உக்காந்திருந்தா எழுந்திரிங்கன்னு கேக்கமாட்டாங்க, கால் வீங்கிப்போயும் பக்கத்துலயே நிப்பாங்க. சொந்தக்காரர் ஒருத்தர் பத்துப் பேர் முன்னாடி "டீச்சரா இருந்துட்டு இப்படியா"ன்னு சிரிச்சாரு. அம்மா ஒண்ணும் சொல்லல, போயி படிக்கட்டுல உக்காந்துட்டாங்க.

அப்பா வீட்டுக்கு வரல. நாற்காலிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு எனக்குத் தெரியும், அம்மாவுக்கு அன்னிக்கே தெரியும், கெமிஸ்ட்ரி எடுத்தவங்க. கையில ஒண்ணுமே இல்லாத நேரத்துலயும் மூளை கைய கட்டிக்கிட்டு உக்காராது, எதையாச்சும் பிடிச்சுக்கும், அவ்ளோதான். அந்த நேரத்துல வந்து பாடம் எடுத்து என்னத்த சாதிச்சீங்க? யாரைக் காப்பாத்துனீங்க?

சிரிச்ச அந்த சொந்தக்காரர் நல்லாத்தான் இருக்காரு. மேட்ச் ஓடுறப்போ எழுந்து போனா விக்கெட் விழுந்துடும்னு இன்னிக்கும் சோஃபாவை விட்டு அசையமாட்டாரு, கேட்டா "சும்மா ஜாலிக்கு"ம்பாரு.