கடைசிப் பாதை போன பிறகு

ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் நடந்தது வந்த எல்லாருக்கும் தெரியும். வராதவர்களுக்கு ஒரு வரி: ஒரு பிள்ளை தான் எழுதிவரும் துப்பறியும் கதையை வாசித்தாள், ஒரு பெரியவர் குறுக்கிட்டார், அவளை உட்காரச் சொல்லிவிட்டார்கள். இதற்குமேல் விவரிக்கமாட்டேன், பேரும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி நாலு நாளாய் நெஞ்சுக்குள் முள்ளாய்க் கிடக்கிறது. "கொலைக்கதை எழுத உனக்கு மூதூர்ப் பக்கம்தானா பிள்ளை கிடைச்சது?"

ஓம் ஐயா, திருகோணமலைக்கு அக்கரையில் இருக்கிற அந்த மூதூர்ப் பக்கம்தான். அங்கேதான் அந்தக் கதை நடக்கும்.

கொழும்பில் ஒரு கொலை நடந்தால் மேல்மாடிக்காரருக்குச் செத்தவர் பேர்கூடத் தெரியாது. ஊரில் செத்தவனும் தெரிந்தவன், கொன்றவனும் தெரிந்தவன். விசாரிக்க வந்த பொலிஸ்காரருக்குத் தேத்தண்ணி ஊத்திக் கொடுக்கிற மனுசிக்கும் எல்லாம் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். துப்பறியும் கதைகளின் உயிர் அந்த வாய் திறக்காமையில் இருக்கிறது. அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிள் 1930இலிருந்து நாவல் நாவலாய்க் கொலைகாரரைப் பிடித்தது எப்படி? எந்த முகத்தைப் பார்த்தாலும் தன் கிராமத்து ஆள் ஒருத்தரோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை தன் கதையைப் பாலங்கள் வருவதற்கு முந்திய காலத்தில் வைத்திருந்தாள். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல். அதற்கு முதல் திருகோணமலையிலிருந்து கரையோரத் தரைவழியாய் மூதூர் போவதென்றால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறைக்குத் துறை பாதை ஏறி இறங்கவேண்டும். பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கும் மிதவை. கடைசிப் பாதை போனால் விடியும்வரை ஊருக்குள் வரவும் ஏலாது, வெளியே போகவும் ஏலாது. கொன்றவனும் உள்ளே, செத்தவனும் உள்ளே, பார்த்தவர்களும் உள்ளே. இங்கிலாந்தில் இதற்காகப் பனியில் அடைபட்ட மாளிகைகளைக் கற்பனை செய்தார்கள். எங்களுக்கு அது ஒவ்வொரு இரவும் வாய்த்தது. அதைக் கண்டுபிடித்த பிள்ளையை உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு இந்த ருசியைக் காட்டியது அம்மம்மா. அம்மப்பாவின் வாடியிலிருந்து வள்ளத்து எஞ்சின் களவு போனது. பொலிஸ் வந்தது, எழுதியது, போனது. ஊரில் ஒருத்தரும் ஒன்றும் காணவில்லை. பல வருசம் கழித்து அம்மப்பா செத்து, எட்டுச் செலவுச் சடங்கன்று ஒரு மனுசன் வந்து, பெற்ற பிள்ளைகளைவிடக் கூடக் குழறி அழுதார். போகும்போது அம்மம்மாவின் கைக்குள் எதையோ வைத்து அழுத்தினார். அவ பார்க்கவேயில்லை, இடுப்பில் செருகிக்கொண்டா. "அவரோ அம்மம்மா?" என்று கேட்டேன். "சோத்தைத் தின்" என்றா. அம்மப்பாவுக்கும் முதலே தெரியுமாம், பிறகு மாமி சொன்னா. எஞ்சின் களவு போன வருசம் அந்த மனுசனின் மூத்த பெடியனுக்கு நெருப்புக் காய்ச்சலாம். இதைவிட என்ன கதை வேண்டும்?

ஊர்ப்பேர் கெட்டுவிடும் என்கிறார்கள். ஹென்னிங் மான்கெல் ஸ்வீடனின் ஈஸ்டாட் என்ற சின்னப் பட்டினத்தில் வரிசையாய்க் கொலைகளை எழுதினார். இன்றைக்கு அந்தத் தெருக்களைப் பார்க்கவென்றே சனம் போகிறது. எங்கள் ஊரையும் ஒருவர் எழுதித்தான் இருக்கிறார். 1891இல் கோனன் டொயில் எழுதிய முதலாவது ஷெர்லொக் ஹோம்ஸ் சிறுகதையில், திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த விபரீதத்தை ஹோம்ஸ் துலக்கியதாய் ஒரு வரி வருகிறது. ஒரே ஒரு வரி. என்ன நடந்தது என்று அவர் சொல்லவேயில்லை. மிச்சத்தை நாங்களாவது எழுதக்கூடாதா?

இது இலக்கியமா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. சொல்லிக் களைத்துவிட்டது.

ஆனால் "இவ்வளவு சாவைப் பார்த்த மண்ணில் கொலைக்கதையை ரசிக்கிறியளோ?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். அதுதான் வலித்தது. 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019இல் சந்தேகநபர்கள் 13 பேரும் சாட்சியம் போதாது என்று விடுவிக்கப்பட்டார்கள். அதே 2006 ஆகஸ்டில், அதே மூதூரில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். ஒருத்தரும் தண்டிக்கப்படவில்லை. ஐயா, அந்த நாவல்களில் ஒரே ஒரு சாவுக்காக ஒரு மனுசன் முந்நூறு பக்கம் கதவு கதவாய்த் தட்டுகிறான். செத்தவர் கடைசியாய் என்ன சாப்பிட்டார், யாரோடு கதைத்தார் என்று கேட்டு எழுதுகிறான். முடிவில் கொன்றவனின் பேர் வருகிறது. அந்தக் கடைசிப் பக்கத்துக்காக நான் வாசிக்கிறேன். எங்கள் வீடுகளுக்கு அது வந்து சேரவில்லை. அதை ரசனை என்று சொன்னால் எனக்குத் தாங்கவில்லை.

கூட்டம் நடந்த அன்றிரவு அந்தப் பிள்ளை மெசெஞ்சரில் எழுதியிருந்தாள்: "அண்ணா, நீங்களும் ஒண்டும் சொல்லேல்லையே."

ஓம். மண்டபத்தில் அறுபது பேர் இருந்தோம். பெரியவர் சொன்னது பிழையென்று பாதிப்பேருக்காவது தெரியும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி, கதையை நிறுத்தாதே. இரண்டாம் அத்தியாயத்தில் வருகிற அந்தப் பாதைக்காரரை அவசரப்பட்டுச் சாகடித்துவிடாதே. அன்றிரவு யார் அக்கரைக்குப் போகவில்லை என்று அவருக்குத்தான் தெரியும்.