சுனாமியில் விழாத புத்தர் சிலைகளைப் பற்றி

ஒவ்வொரு பெருவெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் பின்னர் கொழும்பில் எங்கள் கைபேசிகளுக்கு ஒரே வகையான படமொன்று வந்து சேர்கிறது. சுற்றிலும் வீடுகள் இடிந்து கிடக்க, நடுவே கீறல்கூட விழாமல் ஒரு புத்தர் சிலை அமர்ந்திருக்கும். சிங்கள நண்பர்கள் அதைப் புத்தரின் அருளுக்குச் சான்றாகப் பகிர்கிறார்கள். எங்கள் சொந்தக்காரர்களும், எந்தப் பெயரில் இருந்தாலும் தெய்வம் தெய்வந்தானே என்ற நல்ல மனத்தோடு, கைகூப்பும் குறியொன்றைச் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் படத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் செய்தி பௌத்தத்துக்கும் பொருந்தாது, இறந்தவர்களுக்கும் நியாயமாகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த நாட்டில் 30,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். தெற்குக் கரையில் பல சிலைகள் அசையாமல் நின்றதும் உண்மை. கரையோர ரயில் மீண்டும் ஓடத் தொடங்கிய காலத்தில் கொழும்புக் கோட்டையிலிருந்து காலிக்குப் போகும்போது யன்னல் வழியே அதை நானும் கண்டேன். ஓரிடத்தில் ஒரு வீட்டின் சிவப்பு மெழுகிய சீமெந்துத் தரையும் வாசற்படி இரண்டும் மட்டும் எஞ்சியிருந்தன. சுவர்களோ கூரையோ இல்லை. சற்றுத் தள்ளி, ஆளுயரத்துக்கும் மேலான பீடத்தில் வெள்ளைச் சிலை இருந்தது. அதன் முன்னால் அன்று காலையில் யாரோ வைத்த பூக்கள் வாடாமல் இருந்தன.

அந்தத் தரையையும் அந்தப் பீடத்தையும் ஒன்றாகப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். கரையோர வீடுகள் பெரும்பாலும் தூண்களும் கம்பியிட்ட வளைகளும் இல்லாமல், கல்லையோ செங்கல்லையோ அடுக்கிக் கட்டிய மெல்லிய சுவர்களால் ஆனவை. அலை அந்த அகன்ற சுவரின் முழுப் பரப்பிலும் மோதுகிறது. உள்ளே புகுந்த நீர் திரும்பும்போது, ஏற்கெனவே தளர்ந்த சுவரை மறுபக்கமாக இழுக்கிறது. சிலையோ பெரும்பாலும் கனமான கொங்கிரீட். அகலம் குறைவு, உள்ளே வெற்றிடம் இல்லை, பீடம் உயரம், நீர் இருபுறமும் பிரிந்து ஓடிவிடுகிறது. அன்றே சுமத்ராவின் பண்டா ஆச்சேயிலும் சுற்றுப்புறம் அழிந்த பின் பல பள்ளிவாசல்கள் நின்றன. அவற்றுட் பல உறுதியான தூண்கள் மீது திறந்த கீழ்த்தளத்தோடு கட்டப்பட்டவை. காரணம் அங்கும் இதுதான், நம்பிக்கை மட்டும் வேறு.

இன்னொன்றையும் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். விழுந்த சிலையை யாரும் படம் எடுத்துப் பரப்புவதில்லை; துண்டுகளைப் பக்தியோடு பொறுக்கி எடுத்துவிட்டு, பிறகு புதியதொன்றை நிறுவுகிறோம். மாத்தறையில் அன்று ஞாயிறு பூசை நடந்துகொண்டிருந்தபோது மாதாவின் சுரூபத்தை அலை அடித்துச் சென்றது. சில நாட்களில் அது மீண்டும் கிடைத்தது, அதையும் மக்கள் அற்புதம் என்றே கொண்டாடினார்கள். நின்றாலும் அற்புதம், அடித்துச் செல்லப்பட்டு மீண்டாலும் அற்புதம் என்றால், எது நடந்தாலும் இந்த நம்பிக்கை தோற்கப்போவதில்லை. ஜப்பானில் காமகுரா பெரும் புத்தரின் மண்டபத்தை 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடல் கொண்டுபோக, வெண்கலச் சிலை வெட்டவெளியில் இன்றுவரை இருக்கிறது. அதே ஜப்பானில், நாராவின் பெரும் புத்தருக்கு 855இல் நிலநடுக்கத்தால் தலையே விழுந்தது. ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகள் நூற்றாண்டுக் கணக்கான நிலநடுக்கங்களைத் தாங்கி நின்று, 2001 மார்ச்சில் மனிதர் வைத்த வெடிமருந்தில் தூளாயின. சுனாமியில் ரயில் கவிழ்ந்து ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்ட தெற்குக் கரைப் பெரலியவில் இன்று நிற்கும் நினைவுச் சிலை, அந்தப் பாமியான் புத்தரின் சாயலில்தான் எழுப்பப்பட்டிருக்கிறது.

பௌத்தத்தில் காப்பு என்ற எண்ணமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பஞ்சமும் கொள்ளைநோயும் வைசாலி நகரை வாட்டியபோது இரத்தின சூத்திரம் ஓதப்பட்டதை மரபு சொல்கிறது. இன்றும் பிரித் என்னும் காப்புச் சூத்திரங்களை ஓதி மணிக்கட்டில் நூல் கட்டுகிறார்கள். விஷ்ணு, கதிர்காமக் கடவுள், சமன் ஆகிய தெய்வங்களை இந்த நாட்டின் காவலர்களாக வணங்குகிறார்கள். ஆனால் புத்தர் தம்மை அப்படி ஒரு காவலராக எங்கும் முன்வைக்கவில்லை. அச்சத்தால் விரட்டப்படும் மனிதர் மலைகளையும் காடுகளையும் மரங்களையும் வழிபாட்டிடங்களையும் தஞ்சமடைகிறார்கள், அது பாதுகாப்பான தஞ்சம் அல்ல என்று தம்மபதம் வெளிப்படையாகவே கூறுகிறது. நோயுற்றுக் கிடந்தபடி தம்மைக் காண ஏங்கிய வக்கலி என்ற பிக்குவிடம், அழியும் இந்த உடலைப் பார்த்து என்ன பயன், தம்மத்தைக் காண்பவனே என்னைக் காண்கிறான் என்றார். உயிரோடு இருந்த தம் உடலையே அப்படிச் சொன்னவரின் பெயரால், சீமெந்து உருவம் தப்பியதை அருளுக்குச் சான்றாக்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இந்த வாதம் அந்த இடத்தோடு நிற்பதில்லை என்பதுதான் என் பெரிய கவலை. சிலை காக்கப்பட்டது என்று சொன்னவுடன், பக்கத்து வீட்டுக் குழந்தை ஏன் காக்கப்படவில்லை என்ற கேள்வி வரும், அதற்குக் கர்மம் என்ற பதிலும் ஆயத்தமாக இருக்கும். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் நீண்ட காலம் குடியிருந்த சிங்கள அக்கா ஒருவர் ஹிக்கடுவைப் பக்கத்தைச் சேர்ந்தவர். தம்பியை அலையில் பறிகொடுத்தவர். இறந்தவர் நினைவாகப் பிக்குமாருக்கு உணவளிக்கும் தானத்துக்கு வந்திருந்த ஒருவர், அவனுடைய பழைய வினை அப்படி என்று ஆறுதலாகச் சொன்னாராம். ஆண்டுகள் கழித்து அதை என்னிடம் சொல்லும்போதும் அவருடைய குரல் கட்டிக்கொண்டது. அவர் அதற்காக விகாரைக்குப் போவதை நிறுத்தவில்லை. பௌர்ணமி தோறும் வெள்ளை உடுத்துப் போவார். புத்தரிடம் அவர் எதையும் கேட்பதில்லை என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

கர்மம் என்று அவ்வளவு எளிதாகச் சொல்லவும் சூத்திரங்கள் இடம் தருவதில்லை. நாம் அனுபவிப்பதெல்லாம் முன்வினையின் பயன்தானா என்று சீவகன் என்ற துறவி கேட்டபோது, பித்தம், சளி, வாயு, பருவ மாற்றம், பிறர் தாக்குதல் என்று வரிசைப்படுத்தி, எட்டுக் காரணங்களுள் ஒன்றாகவே வினையைப் புத்தர் வைத்தார். எல்லாமே முன்வினை என்பவர்கள் உலகம் அறிந்த உண்மையைக் கடந்து பேசுகிறார்கள் என்றும் சொன்னார். நிலத்தட்டு நழுவியதற்கு ஒரு மீனவக் குடும்பத்தின் பழைய பிறவியில் காரணம் தேட வேண்டிய கட்டாயம் அவர் போதனையில் இல்லை.

கடலைத் தண்டனையாகக் காணும் பழக்கம் சிங்களவருக்கு மட்டும் உரியதன்று. களனி மன்னன் பிக்கு ஒருவரைக் கொன்றதால் கடல் பொங்கியது என்று மகாவம்சம் சொல்கிறது. இந்திர விழாவை மறந்ததால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்று நம்முடைய மணிமேகலை சொல்கிறது. இரண்டும் பௌத்தர் எழுதியவை. நிலநடுக்கத்தின் காரணம் தெரியாத காலத்தில் அழிவுக்குப் பொருள் தேடியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நமக்குக் காரணம் தெரியும். சுனாமி வந்த அன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமத்ரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. பெரலியவில் ரயில் கவிழ்ந்தபோது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கடந்திருந்தது. இந்து சமுத்திரத்தில் அப்போது எச்சரிக்கை அமைப்பு இல்லாததால் அந்த நேரம் வீணாயிற்று.

எச்சரிக்கை இருந்தும் வீணான இடமும் உண்டு. மலையகத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29இல் மலை சரிந்து நம் தோட்ட மக்களின் லயன் என்னும் வரிசைக் குடியிருப்புகளை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தது. இன்றும் மலையகத்தில் மழை கனக்கும் இரவுகளில் சரிவின் கீழே லயன் அறைகளில் குடும்பங்கள் தூங்குகின்றன. அடுத்த முறை அப்படியொரு படம் உங்கள் கைக்கு வந்தால், சிலைக்குப் பின்னால் இடிந்து கிடக்கும் வீட்டைக் கவனித்துப் பாருங்கள். அது எதனால் கட்டப்பட்டிருந்தது, அங்கே கட்ட அனுமதித்தது யார், முன்னெச்சரிக்கை அவர்களுக்கு எட்டியதா என்று கேட்டு எழுதுங்கள்.