மெரிடா கேட்டது கரடியை அல்ல

அண்ணே, 2012இல் வந்த ‘பிரேவ்’ அனிமேஷன் படத்தில் இளவரசி மெரிடா வேண்டுமென்றே தாயைக் கரடியாக்கினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. அம்மாவை மாற்றினால் தன் தலைவிதி மாறும் என்றுதான் சூனியக்காரியிடம் மந்திரம் கேட்டாள். கரடியாவார் என்று அவளுக்குத் தெரியாது. விஷயத்தைச் சொல்லாமல் அந்த மந்திரக் கேக்கை அம்மாவுக்குச் சாப்பிடக் கொடுத்தது தப்புதான், சரி.

அவளைக் கேட்காமலே பெற்றோர் மூன்று குலத்து மாப்பிள்ளைகளை வரவழைத்ததை விட்டுவிட்டீர்களே! காரைக்குடி வீட்டு வளவில் பிள்ளைகளோடு படம் பார்த்த எங்கள் ஆயாவே, “பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றார்கள்.

அப்புறம், குடும்பப் படம் நெய்த சீலையை மெரிடா வாளால் கிழித்ததும், அவள் அம்மாவான ராணி அவளுடைய வில்லை நெருப்பில் எறிகிறார். எறிந்த கையோடு பதறிப்போய் வெளியே எடுக்கிறார். கிழித்த சீலையை மெரிடா பின்னால் குதிரையில் போய்க்கொண்டே தைக்கிறாள்.