மறதி நோய் வந்தவர்கள் சோம்பேறிகள் இல்லீங்க

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துப் பேச்சின் வீடியோவை ஆளாளுக்கு அனுப்பிவிட்டீர்கள், அதனால் முழுக்கதையும் இங்கே எழுதவில்லை. "நடக்காம, மூளைக்கு வேலை கொடுக்காம உக்காந்தவங்களுக்குத்தான் மறதி நோய் வருது" என்றாரே அந்தப் பேச்சாளர், அந்த ஒரு வரிக்கும் அதற்கு விழுந்த கைதட்டலுக்கும்தான் இந்தப் பதிவு.

மறதி நோய் வந்த என் அம்மா சும்மா உட்கார்ந்ததே இல்லைங்க. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி தார் சுத்த, அதாவது தறிக்கு நூல் சுற்ற, அனுப்பிவிட்டார்கள். அப்புறம் கல்யாணம், கோவை மாவட்டம் சோமனூர்ப் பக்கம் விசைத்தறி குடோன், ராத்திரி ஷிப்ட். தறிக்கும் தறிக்கும் நடுவில் நடந்த நடைக்குக் கணக்கே கிடையாது. நூல் அறுந்தால் விரலாலேயே தடவிப் பிடித்து ஒரு முடிச்சு, அதற்குள் அடுத்த தறி. இப்போதும் சேலைத் தலைப்பில் பிரிந்த நூல் கையில் பட்டால் அதே முடிச்சுதான் போடுகிறார். அவரையா சோம்பேறி என்கிறீர்கள்?

"லான்செட்டே சொல்லியிருக்கே" என்று ஒரு தம்பி கமெண்ட் போட்டிருந்தார். சொல்லியிருக்கிறது, முழுசாகப் படிங்க தம்பி. லான்செட் என்கிற மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை 14 காரணங்களைச் சொல்கிறது. அத்தனையையும் சரிசெய்தால் உலகத்தில் ஏறக்குறைய 45 சதவீத டிமென்ஷியாவை, அதாவது இந்த மறதி நோயை, தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறது. அது மொத்த ஜனத்துக்குப் போட்ட கணக்கு. அதை வைத்து ஒரு ஆளைப் பார்த்து "நீ நடந்திருந்தா வந்திருக்காது" என்று சொல்ல முடியாது. மீதிப் பாதிக்கும் மேலே என்ன செய்வீர்கள்? வயதையும் பிறப்பிலேயே வருவதையும் யார் மாற்றுவது?

அந்த 14 என்னென்ன என்றும் பாருங்க. சின்ன வயதில் படிப்பு கிடைக்காதது அதில் ஒன்று. காற்று மாசு ஒன்று. காது கேட்காமல் போவதும் கெட்ட கொழுப்பும்தான் பட்டியலிலேயே பெரிய பங்கு, தலா 7 சதவீதம். அஞ்சாவதோடு நிறுத்தினது என் அம்மாவின் பழக்கமா? தறிச் சத்தத்தில் காது போனது அவர் தேடிக்கொண்டதா? குடோனுக்குள் ஆள் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது, எல்லாம் சைகையும் வாயசைவும்தான். பல்லடம், சோமனூர் வட்டாரத்தில் எத்தனை வீட்டில் காதில் வாங்காத பெரியவர்கள் இருக்கிறார்கள், எண்ணிப் பாருங்க. காதுக்கு மிஷின் வைக்கலாம் என்றபோது "இந்த வயசுல எதுக்குங்க தண்டச் செலவு" என்று சொன்ன சொந்தக்காரர்தான் இன்றைக்கு நடைப்பயிற்சி வீடியோ அனுப்புகிறார்.

"நல்லதைத்தானே சொன்னாரு" என்பார்கள். சரி, சொல்லட்டும். நாற்பது வயதிலேயே பிரஷரையும் சுகரையும் பார்த்துக்கொள்ளச் சொல்லட்டும், மக்களைத் தேடி மருத்துவத்தில் 2021-லிருந்து வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை தருகிறார்கள். பீடி, சாராயத்தை விடச் சொல்லட்டும். தினமும் நடக்கச் சொல்லட்டும், நானும் நடக்கிறேன். அதெல்லாம் இன்னும் வராதவர்களுக்கு. வந்தவர்கள் மேல் தீர்ப்பு எழுதாதீர்கள் என்றுதான் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை. உணர்ச்சிவசப்படுகிறேன் என்கிறவர்களுக்குப் பதில் கிடையாது. என் அம்மாவுங்க.

இந்தப் பேச்சு பேச்சோடு போவதும் இல்லை. "அவங்க மேலயும் தப்பு இருக்குது" என்று மனசில் விழுந்துவிட்டால் சொந்தபந்தம் எல்லாருக்கும் ஒதுங்கிக்கொள்ள வசதியாகிவிடுகிறது. எந்த விசேஷம் என்றாலும் ஒப்பிட்டு (போளி) தட்ட என் அம்மாவைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். இப்போது பத்திரிகை கொடுக்க வரும் அதே வீட்டுக்காரர்கள் திண்ணையிலேயே நின்று, "அம்மாவைக் கூட்டிட்டு அலைய வேண்டாங்க, அவங்களுக்குத்தான் சிரமம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். யாருக்குச் சிரமம்? ஆளோடு பேச்சில்லாமல் தனிமையில் கிடப்பதும் அந்த 14-இல் ஒன்று என்று அறிக்கையில் இருக்கிறதே, அதை மட்டும் ஏன் யாரும் ஃபார்வர்டு பண்ணுவதில்லை?

உள்ளே வருகிற ஒன்றிரண்டு பேரும் வந்ததும் "பெரியம்மா, என்னைத் தெரியுதுங்களா, நான் யாரு சொல்லுங்க பாக்கலாம்" என்று பரீட்சை வைக்கிறார்கள். அம்மா என் முகத்தைப் பார்ப்பார், சொல்லிக்கொடுக்க மாட்டேனா என்று. அவர்கள் போன பிறகு அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்காது.

வீடியோ அனுப்பினவர்கள் வீட்டுக்கு வாங்க. எதிரில் உட்கார்ந்து, "நான் இன்னார் மகன் வந்திருக்கேனுங்க" என்று பெயரை நீங்களே சொல்லிவிடுங்க. வலது காதுப் பக்கமாக, நிறுத்தி நிதானமாகப் பேசுங்க. தறியைப் பற்றி ஏதாவது கேளுங்க, அதற்குப் பதில் சொல்வார்.